எண்ணெய் குடித்த தகடு

ஆகஸ்ட் 7, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மின்சாரம் காலை முழுக்கக் கிடையாது. ஆட்சியைக் கவிழ்த்த ஆட்கள் மின்சார அணைக்கட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். யார் எதைப் பிடித்தால் என்ன, என் ஸ்டிக்கர் கட்டிங் மெஷின் ஓடவில்லை.

தங்கவேலு மாமாவின் பஸ் பட்டறைக்கு வந்தது. மாமா தவுவா ஊர்க்காரர், அம்மா வழியில் தூரத்து உறவு. பஸ் பழசு. முந்தைய சொந்தக்காரர் கனடா போகிறார், பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார். அவர் பெயரை எடுத்துவிட்டு ‘ருக்மிணி டிரான்ஸ்போர்ட்’ என்று இங்கிலீஷில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் பெரிய எழுத்து. முன்னும் பின்னும் சின்னது. ருக்மிணி, மாமாவின் மனைவி.

“ஊரே காலி பண்ணிட்டுப் போவுது, நீங்க பஸ் வாங்குறீங்களே மாமா?”

“போறவங்கள நாந்தி ஏர்போட்டுக்குக் கொண்டு விட ஒரு பஸ் காட்டி வேணாமாடா?”

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸைச் சுற்றி வந்து எழுதியது:
பக்கத் தகடு இரும்பு. நீலம் வெளுத்துச் சாம்பல். விரலால் தேய்த்தால் மாவு.
ஜன்னல்களுக்குக் கீழே துரு மொட்டு, ஏழு இடம்.
பழைய எழுத்து பிரஷ் வேலை, மேடு தட்டுகிறது. வழித்துத் தேய்க்காமல் மேலே ஒட்டினால் தெரியும். நான் எழுதியதுதான். ஆர் எழுத்தின் கால் கோணல்.
பின் பக்கம் புகைக் கரி.
ஆணித் தலைகள் தேவைக்கு அதிகம்.

எட்டு நாள் சொன்னேன். மாமா ஐந்து என்றார். வரும் திங்கட்கிழமை என்று முடிந்தது.

இந்த மாதம் பெயர் எடுத்த வண்டிகள்: பேக்கரி வேன், மருந்துக் கடை வேன், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவரின் கார், ஐஸ் லாரி. பெயர் வைக்கப்போவது இது ஒன்றுதான்.

என் மனைவி சாரதாவுக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து கடிதம் வந்து பதினோரு நாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அக்டோபர் முதல் வாரம் சேர வேண்டும். இங்கே இருபது வருடம் பார்த்த அதே வேலை, மூன்று மடங்கு சம்பளம். விண்ணப்பத்தில் மூன்று பேர்: அவள், நான், மகள் ரீனா. ரீனாவுக்குப் பதினாறு முடியப் போகிறது. மே மாதம் ஆட்சியைக் கவிழ்த்து எங்கள் ஆட்களின் கடைகளை எரித்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து நடந்தே வந்தாள், செருப்பில்லாமல். அதற்குப் பிறகு கதவு சத்தமாகச் சாத்தினால் எழுந்து நின்றுவிடுகிறாள். அவள் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

இந்த நோட்டு அளவு எழுத வாங்கியது. மேசை மேலேயே கிடக்கலாம். சாரதா புலிலேகாவில் வளர்ந்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்து தெரியாது. ரீனாவுக்கு இந்தியும் இங்கிலீஷும்தான். அவள் காதில் விழக் கூடாததை நாங்கள் தமிழில் பேசிக்கொள்வோம். நான் கோயில் போர்டு எழுதுவதற்காக எழுத்துக் கற்றவன். இப்போது அது ஒளித்து வைக்க உதவுகிறது.

ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? விசாவுக்காக மூன்று பேரும் எக்ஸ்ரே எடுத்தோம். என்னை மட்டும் டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை. வீட்டில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மழை இல்லை. கழுவும் வேலை. பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர், நாலு வாளி. மேலிருந்து கீழே. பின் பக்கக் கரிக்கு மண்ணெண்ணெய், அதற்கு மேல் மறுபடி சோப்பு.

கழுவி முடித்துத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். சுத்தமான தகட்டில் தண்ணீர் படுதா மாதிரி பரவும். இதில் முத்து முத்தாக நின்றது. எண்ணெய். விற்கிறதற்கு முன்னால் அந்தக் கனடாக்காரர் பளபளப்பு காட்டத் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார். எல்லோரும் செய்வதுதான். வெளுத்த பெயிண்ட் எண்ணெயை அப்படியே குடித்துக்கொள்ளும், இரண்டு நாள் புதுசு மாதிரி இருக்கும். அப்புறம் அதன் மேல் எந்த ஸ்டிக்கரும் ஒட்டாது.

தின்னரில் ஒரு துணி, காய்ந்த துணி ஒன்று. ஈரத் துணி முன்னே போனால் காய்ந்தது பின்னாலேயே போக வேண்டும், தின்னர் ஆவியாகும் முன். ஆவியாக விட்டால் எண்ணெய் இருந்த இடத்திலேயே உட்காரும். இடது பக்கம் மட்டும் முடிந்தது. துணி பதினாறு. எல்லாம் சாரதாவின் பழைய யூனிபாரம்.

இரவு மீன் குழம்பு, தலோக் கிழங்கு. ரீனா ஆக்லாந்து மேப் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், நான்கு மூலையிலும் என் மாஸ்கிங் டேப். சுவர் பெயிண்ட் உரியும் என்று சொல்ல நினைத்து, ஒரு மூலையை இன்னும் அழுத்தி விட்டேன்.

ஆகஸ்ட் 9, புதன்

மின்சாரம் நாள் முழுக்க இல்லை. தேய்க்கும் மெஷின் கிடையாது, கையாலேயே உப்புத்தாள். துருவில் தண்ணீர் படக் கூடாது, அதனால் காய்ந்த தேய்ப்பு. ஏழு மொட்டில் இரண்டு, தட்டினதும் ஓட்டை. தகடு வைத்து, பட்டி போட்டு, மறுபடி தேய்ப்பு. பழைய எழுத்தை மேடு தெரியாமல் வழித்தேன். சிவப்புத் தூள், நீலத் தூள். எல்லாம் என் மேலேதான் வந்து உட்கார்ந்தது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் செய்தேன்.

மதியம் இருமல். பத்து நிமிடம் பஸ் படியில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கர்ஃப்யூவுக்கு முன் வீடு திரும்பும்போது சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தினார்கள். பின்னால் ஸ்பிரிட் பாட்டில், தின்னர், துணி மூட்டை. சிப்பாய் இருபது வயதுப் பையன். பாட்டிலை மோந்து பார்த்தான், துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பெட்ரோல் குண்டு என்று நினைத்திருப்பான். தப்பில்லை, சாமான் எல்லாம் அதே சாமான்.

“இது எதுக்கு?” இங்கிலீஷில்.

“வண்டியில் பெயர் ஒட்ட.”

நம்பவில்லை. மிச்ச எழுத்து இருந்த அட்டையைக் காட்டினேன். ஆற அமரப் பார்த்துவிட்டு, தன் ஊர் ரக்பி டீமின் பெயரை ஹெல்மெட்டில் ஒட்ட முடியுமா என்றான். முதலில் துடைக்க வேண்டும் என்றேன். சிரித்து, “வினாகா” என்று அவன் மொழியில் நன்றி சொல்லிப் போக விட்டான். எனக்குப் பயம் வரவில்லை. எண்பத்தேழில் ஆட்சி கவிழ்ந்தபோது இதே மாதிரி நிறுத்தினார்கள், அன்று பயந்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது கதவைத் திறந்து காட்டிவிட்டு, வீட்டில் உப்பு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உப்பு இருந்தது.

ஆகஸ்ட் 10, வியாழன்

மின்சாரம் வந்தது. துரு இடங்களுக்கு பிரைமர், மதியம் நீலம் அடித்தேன். நிறம் சரியாகச் சேரவில்லை. எழுத்துக்குக் கீழே மறையும். புதுப் பெயிண்ட் காற்று விட நாலு நாளாவது வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டிக்கர் கொப்புளம் விடும். திங்கட்கிழமைக்குச் சரியாக வரும்.

வலது பக்கமும் தின்னர் துடைப்பு முடிந்தது. பிறகு, புதுப் பெயிண்ட் இடங்களை விட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் தேய்ப்பு. நல்ல மேட் ஆகிவிட்டது. பளபளப்பு ஒரு துளி இல்லை. தண்ணீர் தெளித்தேன், படுதாவாகப் பரவியது. இந்த வாரம் எனக்குப் பிடித்த காட்சி அது ஒன்றுதான்.

எழுத்து எல்லாம் வெட்டி வைத்தாகிவிட்டது. வெள்ளை, ஓரத்தில் சிவப்பு.

ஆகஸ்ட் 11, வெள்ளி

டாக்டர். திருச்சிக்காரர், மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவர், நவம்பரில் அவரும் கிளம்புகிறார். அறையில் பாதிப் புத்தகம் அட்டைப் பெட்டிக்குப் போய்விட்டது. என்னிடம் தமிழில் பேசக் கிடைத்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம். நான் “சொஸ்தமா இருக்கீங்களா” என்று கேட்டால் சிரிப்பார், ஊரில் இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லையாம்.

இன்று சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார்.

“மேல ரெண்டு இடத்துல நிழல் இருக்கு, மூர்த்தி. பாருங்க.”

பார்த்தேன். எனக்கு எல்லாமே நிழலாகத்தான் இருந்தது.

“டி.பி.யா டாக்டர்?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். என்ன வேலை பாக்குறீங்க?”

சொன்னேன். பழைய பெயிண்ட் தேய்ப்பது என்றதும் எழுதிக்கொண்டார். எத்தனை வருடம்? இருபத்தாறு. முகமூடி? கைக்குட்டை. அதையும் எழுதிக்கொண்டார்.

“தூசியாலயும் இப்படி வரும். எதுன்னு தெரியணும்னா சளியை வளத்துப் பாக்கணும். மூணு நாள் காலைல எடுத்துக் குடுங்க. ரிசல்ட் வர எட்டு வாரம் ஆகும்.”

“வர்ற வெள்ளிக்கிழமை எங்க பேப்பர் போவணும் டாக்டர். போவலன்னா அந்த வேல வேற ஆளுக்குப் போயிடும்.”

“அது வரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது.” எக்ஸ்ரேயை விளக்கிலிருந்து கழற்றிக்கொண்டே, “போடவும் கூடாது” என்றார்.

“அவங்க ரெண்டு பேருக்கும்?”

“அவங்க படம் சுத்தம். ஆனா ஒரே விண்ணப்பம்ல? ஒருத்தர் பேப்பர் நின்னா மூணும் நிக்கும்.”

மூன்று பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார். தனி அறையில் படுக்கச் சொன்னார். கிளம்பும்போது கை கொடுத்தார், பிறகு கை கழுவினார். அது சரிதான், டாக்டர் என்றால் கழுவத்தான் வேண்டும்.

வெளியே வந்து ஒரு ரொட்டியும் டீயும். ரொட்டிக்குள் மீன் டின் கறி. முழுதும் சாப்பிட்டேன்.

இரவு ஹாலில் பாய் விரித்தேன். இருமலால் உன் தூக்கம் கெடுகிறது என்று சொல்லத் தயாராக இருந்தேன். சாரதா கேட்கவில்லை. ஒரு தலையணையும் போர்வையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 12, சனி

தூறல். பட்டறைக்குப் போய்ப் புதுப் பெயிண்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்கிறது. வேறு வேலை இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

விசா ஏஜெண்டுக்குப் போன் செய்தேன், வேறு யாருக்காகவோ கேட்பது போல. குடும்பத்தில் ஒருவர் பெயரை இப்போது எடுக்க முடியுமா? முடியும், கடைசி நாளுக்கு முன் வந்து சொன்னால் போதும். அவர் பிற்பாடு தனியாகப் போட முடியுமா? போடலாம், கிடைக்கும் என்று சொல்ல முடியாது, நிழல் இருக்கிறவர்களுக்குக் கஷ்டம். நான் நிழல் என்ற வார்த்தையே சொல்லவில்லை. அவர் தினமும் இப்படி எத்தனை பேரிடம் பேசுகிறாரோ.

சாரதாவிடம் உண்மையைச் சொன்னால் என்ன செய்வாள்? நான் போகவில்லை, எட்டு வாரம் பார்ப்போம் என்பாள். வேலை போகும். ரீனா இங்கேயே கதவுச் சத்தத்துக்கு எழுந்து நின்றுகொண்டிருப்பாள். சாரதா அப்படிப்பட்டவள், எனக்குத் தெரியும். என் அப்பா படுக்கையில் கிடந்தபோது இரவு டூட்டி முடித்து வந்து அவருக்கு முதுகு துடைத்துவிட்டுத்தான் படுப்பாள். விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை.

அதனால் சொல்லக் கூடாது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. சாரதா, ரீனா கோயிலுக்கு. நான் போகவில்லை.

என்ன காரணம் சொல்வது என்று எழுதிப் பார்த்தேன்.

பட்டறையை விற்க ஆள் கிடைக்கவில்லை.
குளிர் ஒத்துக்கொள்ளாது.
மாமாவுக்கு இன்னும் இரண்டு பஸ் வரப்போகிறது, வேலை இருக்கிறது.
எனக்கு வர விருப்பமில்லை.

கடைசிதான் நிற்கும். மற்றதெல்லாம் சாரதா கேட்கிற இரண்டாவது கேள்வியிலேயே உரிந்து வந்துவிடும். விருப்பமில்லை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், கோபத்தோடு போவாள். கோபத்தோடு போகிறவர்கள் திரும்பிப் பார்த்து நிற்பதில்லை. அது நல்லதுதான்.

நாளை காலை ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்து, மதியம் டவுனுக்குப் போய் முதலில் ஏஜெண்டிடம் பெயரை எடுத்துவிடுவது. பிறகு வீட்டில் சொல்வது. முதலில் வீட்டில் சொன்னால் என்னால் முடியாமல் போகலாம்.

இதை எழுதும்போது கை நிதானமாக இருக்கிறது. அளவு எழுதுகிற மாதிரியே இருக்கிறது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, பசிதான் வந்தது.

ஆகஸ்ட் 14, திங்கள்

வெயில், காற்று இல்லை. ஸ்டிக்கருக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது.

ஏழரைக்குப் பட்டறைக்குப் போனால் வாசலில் கற்பூர வாசனை. தங்கவேலு மாமாவும் ருக்மிணி அத்தையும் தவுவாவிலிருந்து முதல் நாளே வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். மாமாவிடம் ஒரு சாவி இருக்கிறது. விடிந்ததும் வந்து பூஜை போட்டுவிட்டார்கள். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் சக்கரத்துக்குக் கீழே வைத்து, எல்லாம் முறையாக.

எழுத்துக்காக நான் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருந்தேன். அத்தை அந்தக் கோட்டின் மேலே, எழுத்துக்கு ஒன்றாக, நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம் வைத்திருந்தார். பதினாறு எழுத்து, பதினாறு பொட்டு. மறு பக்கமும் பதினாறு. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

“என்ன மூர்த்தி, காட்டிய இப்பிடி மங்க அடிச்சு வச்சிருக்க? சாமி கும்புடுறப்ப இப்பிடியா இருக்கும்? பாக்கவே சகிக்கல. அதான் தேங்கா எண்ண வச்சு ரெண்டு பக்கமும் நல்லா ஒரு தொட தொடச்சேன். இப்பப் பாரு!”

பார்த்தேன். பஸ் ஜொலித்தது. ஒரு வாரத்து வேலை.

அத்தை கையில் துணி. அரை பாட்டில் எண்ணெய் காலி. முகமெல்லாம் வேர்வை, அவ்வளவு சந்தோஷம். அவர் பெயரில் இதுவரை எதுவும் இருந்ததில்லை, கரும்பு நிலம்கூடக் குத்தகை, அதுவும் மாமா பெயரில்.

“நல்லா இருக்கு அத்த.”

“நல்லா இல்லாம? ஒட்டுறதுக்கு முன்னாடிதான சாமிக்கு வைக்கணும். ஒட்டுனப்புறம் வச்சா எழுத்து கெட்டுடும்ல?”

எனக்குப் பின்னால் மாமா மெதுவாக, “தப்பாயிடுச்சாடா?” என்றார்.

“இல்ல மாமா. ரெண்டு நாள் கூட ஆவும்.”

“அச்சா. ஆவட்டும்.”

கோபம் வர வேண்டும். வரவில்லை. தின்னர் டின்னைத் திறந்தேன். புதிதாகத் தேய்த்த தகடு முன்னைவிட வேகமாகக் குடிக்கும். ஒரு மணி நேரம் விட்டாலே உள்ளே இறங்கிவிடும், விட்டுவிட்டு டவுனுக்குப் போக வழியில்லை. மதியச் சாப்பாடும் இல்லை. சாயங்காலம் வரை துடைத்தேன். துணி தீர்ந்து என் சட்டையையும் கிழித்தேன். பொட்டு வைத்த இடங்களில் எண்ணெய் வட்டம் வட்டமாக இறங்கியிருக்கிறது, மறுபடி தேய்க்க வேண்டும்.

ஏஜெண்டிடம் போக முடியவில்லை. வெள்ளி வரை நேரம் இருக்கிறது.

இரவு மின்சாரம் இருந்தது. சாரதா என் சட்டை எல்லாவற்றையும் எடுத்துப்போட்டு இஸ்திரி போட்டாள். கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை, பட்டறைச் சட்டை, எல்லாம். பட்டறைச் சட்டைக்கு எதற்கு இஸ்திரி என்றேன். “கரண்டு இருக்கே” என்றாள். அவளுக்கு இன்று டூட்டி இல்லை, மதியம் எங்கோ வெளியே போய் வந்திருக்கிறாள், கால் வீங்கியிருந்தது. ரீனா பக்கத்தில் உட்கார்ந்து நியூசிலாந்துப் பள்ளிக்கூடங்களில் தலைமுடி எப்படிக் கட்டுவார்கள் என்று பேசிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

முதல் சளி டப்பா. காலையில் வேனுக்குள் உட்கார்ந்து எடுத்தேன். கிளினிக்கில் கொடுத்துவிட்டுப் பட்டறை.

தின்னர், சோப்பு, வாட்டர் பேப்பர், மறுபடி தின்னர், கடைசியாக ஸ்பிரிட். இன்று தண்ணீர் விட்டே தேய்த்தேன், தூசி இல்லை. இப்போது தூசி இல்லாமல் இருந்து என்ன.

தண்ணீர் தெளித்தேன். ஒன்பது வட்டத்தில் இன்னும் முத்து நிற்கிறது.

சாரதா எனக்கு இஞ்சி கொதிக்க வைத்துக் கொடுக்கிறாள். கையைப் பிடித்து நாடி பார்ப்பது போல ஒரு நிமிடம் வைத்திருந்தாள். இருபது வருட நர்ஸ், பழக்கம்.

ஆகஸ்ட் 16, புதன்

வட்டங்கள் போயின. மாஸ்கிங் டேப்பை ஒட்டிச் சட்டென்று பிய்த்துப் பார்த்தேன், டேப்பில் ஒன்றும் வரவில்லை. தகட்டுக்கு மேல் பனி மாதிரி ஈரம் இருந்ததால் பத்து மணி வரை காத்திருந்து இடது பக்கம் ஒட்டினேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்து. ஆணித் தலைகளில் ஊசியால் குத்திக் காற்று எடுத்து, சூடு காட்டி அழுத்தி.

நன்றாக உட்கார்ந்தது. இருபத்தாறு வருடத்தில் செய்ததில் இது நல்ல வேலை. யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

இரண்டாவது டப்பா கொடுத்தேன். வலது பக்கம், முன், பின் முடிந்தது. மூன்று மணிக்கு மாமாவும் அத்தையும் வந்தார்கள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. எந்த இடத்தில் தன் பெயர் முடிகிறது என்று கேட்டார். ஏழாவது எழுத்தைக் காட்டினேன். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“கைல எண்ண இல்லடா, பயப்படாத” என்றார் என்னைப் பார்த்து. மாமா சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

பஸ் போய்விட்டது. பட்டறை பெரிதாகத் தெரிகிறது.

நாளை ஏஜெண்ட். இரவு வீட்டில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். எனக்கு வர விருப்பமில்லை. எனக்கு அங்கெல்லாம் வர இஷ்டமில்ல சாரதா. இரண்டாவதுதான் நான் பேசுகிற மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

மழை. டவுனில் பாதிக் கடைக்கு இன்னும் பலகைதான் கதவு.

ஏஜெண்ட் ஆபீஸ் மாடியில். வரிசையில் ஒன்பது பேர், எல்லோரும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு. என் முறை வந்ததும் உட்கார்ந்து, ஒரு பெயரை எடுக்க வேண்டும் என்றேன். இந்தியில்தான் பேச்சு. அவர் ஃபைலை எடுத்துத் திறந்தார். மேலே இரண்டு போட்டோ. சாரதா, ரீனா.

“என் போட்டோ?”

“அதான் உங்க வீட்டுக்காரம்மா திங்கட்கிழமையே வந்து எடுத்துட்டாங்களே. அவருக்கு டாக்டர் ரிப்போர்ட் வர எட்டு வாரம் ஆகும், ரெண்டு பேருக்கு மட்டும் அனுப்பிடுங்கன்னாங்க. போட்டோவையும் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. உங்களுக்குத் தெரியும்னாங்களே?”

“தெரியும்” என்றேன்.

எத்தனை மணிக்கு வந்தாள் என்று கேட்டேன். மூன்று மணி இருக்கும் என்றார். அழுதாளா என்று கேட்கவில்லை. அவராகவே சொன்னார், என் பேனாவில் மை வரவில்லை, அவங்க பையிலிருந்து பேனா எடுத்துக் கையெழுத்துப் போட்டாங்க என்று. நர்ஸ் பை. எப்போதும் இரண்டு பேனா இருக்கும்.

எக்ஸ்ரே எடுக்கிற பெண் அவளோடு வேலை பார்த்தவள், சொல்லியிருப்பாள். இது எனக்கு இவ்வளவு நாள் தோன்றவே இல்லை.

கீழே இறங்கி, மாடிப்படி முடிகிற இடத்தில் மழை விடும் வரை நின்றேன். அவள் செய்தது சரி. நானும் அதைச் செய்யத்தான் வந்தேன், அதே காரணத்துக்காக. ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை மதியம் நான் வந்திருந்தால் நான் கொடுத்ததாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை என்று ஐந்து பக்கத்துக்கு முன்னால் எழுதியிருக்கிறேன்.

வலிக்கிறது. மே மாதத்திலிருந்து எதுவும் வலிக்கவில்லை, கடை எரிந்தது, ஆட்கள் போனது, எக்ஸ்ரே, எதுவும். இது வலிக்கிறது. நெஞ்சுக்குள் நிழல் இருக்கிற இடத்தில் இல்லை, வேறு இடத்தில்.

தயார் செய்து வைத்த வாக்கியம் வீண்.

வீட்டுக்கு வந்தபோது ஆறு. மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். சாரதா பரிமாறினாள். என் பக்கம் பார்க்காமல்,

“டவுனுக்குப் போனீங்களா?”

“போனேன். பிளேடு வாங்க.”

என் கையில் பை எதுவும் இல்லை என்று அவள் பார்த்திருப்பாள். வரும்போதே பார்த்திருப்பாள். கரண்டியைச் சோற்றுக்குள் வைத்தாள். பிறகு தமிழில், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில்,

“நாளைக்கு மூணாவது சாம்பிள்தான? எழுந்ததும் வாய் கொப்புளிச்சிடாதீங்க, அப்பிடியே எடுக்கணும். வேனுக்குள்ள ஒக்காந்து எடுக்க வேணாம். நான் எழுப்பி விடறேன்.”

“சரி” என்றேன்.

ரீனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை, சாப்பிடு என்றாள் சாரதா, இந்தியில்.